ஒரே பிரிண்டர், நாலு சிஸ்டம்: யுஎஸ்பி பிரிண்டரை அலுவலகம் முழுக்கப் பகிர்வது எப்படி?

நாலு பேர் வேலை செய்யும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். நாலு மேசை, நாலு சிஸ்டம், ஓரத்தில் ஒரு லேசர் பிரிண்டர். அது எச்பி லேசர்ஜெட் 1020 ஆகவோ கேனன் எல்பிபி 2900 ஆகவோ இருந்தால் ஆச்சரியமில்லை. வருடக்கணக்காக உழைக்கும், டோனரை நிரப்பி நிரப்பி ஓட்டலாம் என்பதால் இவற்றை மாற்ற யாருக்கும் மனசு வருவதில்லை. குறை ஒன்றுதான். பின்னால் ஒரே ஒரு யுஎஸ்பி துளை. வைஃபை கிடையாது, நெட்வொர்க் கேபிள் செருகவும் வழியில்லை. அதனால் மற்ற மூவரும் பென் டிரைவோடு நடக்கிறார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிவிட்டு "அக்கா, இதைக் கொஞ்சம் பிரிண்ட் போடுங்க" என்று காத்திருக்கிறார்கள்.

விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பகிர்வு வசதி இதற்குப் போதும், காசு செலவில்லை. ஆனால் இதற்காக யூடியூபில் தேடினால் வரும் வீடியோக்கள் பல, பாஸ்வேர்டு பாதுகாப்பை அணை, ஃபயர்வாலை அணை, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு என்று எல்லாப் பூட்டையும் கழற்றச் சொல்கின்றன. அன்றைக்குப் பிரிண்ட் வந்துவிடும். அடுத்த பெரிய அப்டேட்டில் நின்றுவிடும். பிரிண்டர் ஷேர் ஆகவில்லை என்ற புகார் பெரும்பாலும் கடைசியில் அனுமதி விஷயத்தில்தான் போய் நிற்கும்: பிரிண்டர் செருகியிருக்கும் மெயின் சிஸ்டத்துக்குள் வர நினைப்பவர் யாரென்று அதற்குத் தெரியவில்லை. அந்த ஒன்றை ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் செய்துவிட்டால் மீதி வேலை சுலபம். இந்த வழிகாட்டியும் அந்தப் போக்கில்தான் போகிறது.

தொடங்கும் முன்: பிரிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பிரிண்டரில் வைஃபையோ நெட்வொர்க் கேபிள் துளையோ இருந்தால் விண்டோஸ் பகிர்வு வேண்டவே வேண்டாம். பிரிண்டரை நேராக ரௌட்டரோடு இணைத்துவிடுங்கள். எந்த சிஸ்டம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மற்றவர்கள் பிரிண்ட் எடுக்கலாம். எப்சன் எல்3150, எல்3250 போன்றவை இந்த வகை. எல்3110, எல்3210 பார்க்க அதே மாதிரி இருந்தாலும் யுஎஸ்பி மட்டும்தான், வாங்கும்போதே கவனிக்க வேண்டியது. நெட்வொர்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் "ரௌட்டரோடு நேராகப் பேசும் பிரிண்டர்" என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

சில ரௌட்டர்களின் பின்னால் யுஎஸ்பி துளை இருக்கும், தனியாக விற்கும் பிரிண்ட் சர்வர் பெட்டிகளும் உண்டு. 1020, 2900 மாதிரி பிரிண்டர்களுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்தைப் படமாக மாற்றும் வேலையை இந்தப் பிரிண்டர்கள் தாமே செய்வதில்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவரே செய்து அனுப்புகிறது. வந்த தரவை அப்படியே தள்ளிவிட மட்டும் தெரிந்த சின்னப் பெட்டியோடு இவை ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எல்லாரும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கிறார்களா?

"வைஃபை எல்லாருக்கும் வருதே" என்பது இதற்குப் பதில் ஆகாது. ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி ஒன்று, சிக்னல் போதவில்லை என்று கடையில் வாங்கிய ரௌட்டர் இன்னொன்று என இரண்டு இருக்கும் அலுவலகங்கள் நிறைய. இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்தால் அங்கே இரண்டு நெட்வொர்க் இருக்கிறது. இணையம் இரண்டிலும் வரும், ஆனால் ஒன்றில் இருக்கும் சிஸ்டம் மற்றதில் இருப்பதைப் பார்க்காது.

சோதிப்பது எளிது. ஒவ்வொரு சிஸ்டத்திலும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். ஐபிவி4 முகவரி என்ற வரியில் 192.168.1.5, 192.168.1.8 என்று முதல் மூன்று எண்களும் எல்லாவற்றிலும் ஒன்றாக வந்தால் சரி. ஒன்றில் 192.168.1 என்றும் இன்னொன்றில் 192.168.0 என்றும் வந்தால், இரண்டாவது ரௌட்டரின் அமைப்புகளுக்குள் போய் அதை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு முகவரி கொடுக்கும் வேலையை முதல் பெட்டி மட்டுமே செய்யும்.

யாராவது கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தால் அவரை வழக்கமான வைஃபைக்கு மாற்றுங்கள். விருந்தாளிகள் உள்ளே இருப்பவற்றைத் தொடக் கூடாது என்பதற்காகவே கெஸ்ட் இணைப்பு பொதுவாக மற்ற கருவிகளிலிருந்து பிரித்து வைக்கப்படுகிறது.

மெயின் சிஸ்டத்தில் செய்ய வேண்டியவை

பிரிண்டரின் யுஎஸ்பி கேபிள் செருகியிருக்கும் கம்ப்யூட்டரை மெயின் சிஸ்டம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் முதலில் போட்டு மாலையில் கடைசியாக அணைக்கும் மேசைக் கம்ப்யூட்டராக இருந்தால் நல்லது. வீட்டுக்கு எடுத்துப்போகும் லேப்டாப் இதற்கு உதவாது. மெயின் சிஸ்டத்தில் யாரும் லாகின் செய்து உட்கார வேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸ் கிளம்பி லாகின் திரை வந்துவிட்டாலே பகிர்வு வேலை செய்யும். ஆனால் ஸ்லீப்புக்குப் போனால் எல்லாருக்கும் பிரிண்டர் காணாமல் போகும். ஆகவே பவர் அமைப்புகளில் ஸ்லீப் என்பதை "நெவர்" என்று வையுங்கள். திரை அணையலாம், பிரச்சினை இல்லை.

அடுத்து கம்ப்யூட்டரின் பெயர். விண்டோஸ் தானாக வைத்த பெயரில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கும், யாருக்கும் நினைவில் நிற்காது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய் "ரீநேம் திஸ் பிசி" மூலம் ஆபீஸ்1 என்பது போல இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயராக மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பகிர்ந்த பிறகு இதை மாற்றக் கூடாது. மாற்றினால் மற்ற சிஸ்டங்கள் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

இனி வரிசையாக:

1. செட்டிங்ஸில் நெட்வொர்க் & இன்டர்நெட் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து "பிரைவேட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "பப்ளிக்" என்று இருந்தால் விண்டோஸ் உங்களைப் பேருந்து நிலைய வைஃபையில் இருப்பவராகக் கருதி, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை மறுத்துவிடும். மற்ற சிஸ்டங்களிலும் இப்படியே மாற்றிவிடுங்கள்.

2. விண்டோஸ் 11 என்றால் நெட்வொர்க் & இன்டர்நெட் பகுதியிலேயே "அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்", அதற்குள் "அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்". விண்டோஸ் 10 என்றால் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர். பிரைவேட் நெட்வொர்க் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கீழே "ஆல் நெட்வொர்க்ஸ்" பகுதியில் பாஸ்வேர்டு பாதுகாப்புள்ள பகிர்வு என்று ஒன்று இருக்கும். அது ஆனிலேயே இருக்கட்டும்.

3. செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸ் பகுதியில் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து "பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்" திறங்கள். இதற்குப் பக்கத்திலேயே "பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்" என்று ஒன்று இருக்கும், அது வேறு. ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் தாவலுக்குப் போய் "ஷேர் திஸ் பிரிண்டர்" என்பதில் டிக் போட்டு, ஷேர் பெயரை எச்பி1020 என்பது போல இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் கொடுங்கள். அதற்குக் கீழே, பக்கத்தைத் தயாரிக்கும் வேலையை அனுப்பும் கம்ப்யூட்டரிலேயே செய்யச் சொல்லும் இன்னொரு டிக் இருக்கும். அது இருக்கட்டும். மெயின் சிஸ்டத்தின் சுமை குறையும்.

4. அதே ஜன்னலில் அட்வான்ஸ்டு தாவல், "பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்" பொத்தான். இங்கே காகித அளவை ஏ4 என்று வையுங்கள். ப்ரிஃபரன்சஸில் மாற்றுவது அந்த ஒரு யூசருக்கு மட்டும். டிஃபால்ட்ஸில் மாற்றினால்தான் இனி இணையும் எல்லாருக்கும் ஏ4 போகும். இதைத் தவறவிட்டால் யாராவது ஒருவரின் சிஸ்டம் அமெரிக்க லெட்டர் அளவில் அனுப்பும். பிரிண்டரும் அந்தக் காகிதத்தை யாராவது வைப்பார்கள் என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

பிரிண்டுக்கென்று ஒரு யூசர்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். நெட்வொர்க் வழியாக மெயின் சிஸ்டத்துக்குள் வருபவர் அங்கே இருக்கும் ஒரு யூசரின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். இதில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, பின். தினமும் நாலு இலக்கப் பின் போட்டு உள்ளே போகிறோம், அதையே இங்கேயும் தட்டிப் பார்ப்போம். பின் அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது, நெட்வொர்க்கில் செல்லாது. இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் கணக்கு. மெயின் சிஸ்டத்தில் ஈமெயில் கணக்கோடு லாகின் செய்திருந்தால் அந்த ஈமெயிலின் உண்மையான பாஸ்வேர்டைக் கேட்கும். முதலாளியின் ஈமெயில் பாஸ்வேர்டை ஒரு பிரிண்டுக்காக எல்லா மேசைக்கும் கொடுப்பது சரியா? மூன்றாவது, பாஸ்வேர்டே இல்லாத யூசர். விண்டோஸில் பாஸ்வேர்டு வெறுமையாக இருக்கும் கணக்கு, நேரில் உட்கார்ந்து லாகின் செய்ய மட்டுமே இயல்பாக அனுமதிக்கப்படுகிறது. நெட்வொர்க் வழியாக வந்தால் கதவு திறக்காது. "பாஸ்வேர்டே வைக்கலையே, ஏன் கேட்குது?" என்ற குழப்பம் இங்கிருந்து வருவதுதான்.

மூன்றுக்கும் தீர்வு ஒன்றே. மெயின் சிஸ்டத்தில் செட்டிங்ஸ், அக்கௌண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் "ஆட் அக்கௌண்ட்" அழுத்துங்கள். ஈமெயில் கேட்கும்போது, இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பையும், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்ப்பதற்கான இணைப்பையும் தேர்ந்தெடுங்கள். பெயர், ஆங்கிலத்தில் பிரிண்ட் என்று வைக்கலாம். பாஸ்வேர்டு உங்கள் விருப்பம். கணக்கு வகை ஸ்டாண்டர்டு யூசராகவே இருக்கட்டும், அட்மின் வேண்டாம். பிரிண்டரின் செக்யூரிட்டி தாவலில் "எவ்ரிஒன்" என்பவருக்குப் பிரிண்ட் எடுக்கும் உரிமை இயல்பாகவே இருப்பதால், இந்தப் புது யூசருக்குத் தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைத்துவிட்டால் இவ்வளவு வேலை இல்லையே என்று தோன்றும். முன்பு அது ஓடியது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ வகையில், பெயர் சொல்லாமல் கெஸ்டாக நுழைவதை இயல்பாகவே மறுக்கிறது. நாலில் ஒரு புது சிஸ்டம் வந்து சேர்ந்ததும், அது மட்டும் பிரிண்டரைப் பார்க்காமல் அடம்பிடிப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பூட்டிய கதவுக்கு ஒரு சாவி செய்து கொடுப்பதுதான் நிலைக்கும்.

மற்ற சிஸ்டங்களில் சேர்ப்பது

முடிந்தால் முதலில் அந்தப் பிரிண்டரின் டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. விண்டோஸில் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் ஸ்பூலர் வழியாகவே ஒருவர் முழுக் கம்ப்யூட்டரையும் கைப்பற்ற முடிந்தது. அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதம் விட்ட அப்டேட்டிலிருந்து, நெட்வொர்க்கில் இருந்து பிரிண்டர் டிரைவரை இழுத்து நிறுவ அட்மின் உரிமை வேண்டும். எனவே சேர்க்கும் நேரத்தில் அந்தந்த சிஸ்டத்தின் அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கண்ட்ரோல் பேனலில், யூசர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து "விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்" பகுதியில் புதிதாக ஒன்றைச் சேருங்கள். முகவரிக்கு மெயின் சிஸ்டத்தின் பெயர். யூசர் பெயருக்கு மெயின் சிஸ்டத்தின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பிறகு பிரிண்ட். அதன் பாஸ்வேர்டையும் கொடுத்துச் சேமியுங்கள். முன்னால் கம்ப்யூட்டர் பெயரைச் சேர்த்தால்தான், எந்த ஊர் யூசர் என்ற குழப்பம் விண்டோஸுக்கு வராது.

அப்புறம் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி ரன் பெட்டியைத் திறங்கள். இரண்டு பேக்ஸ்லாஷ், உடனே மெயின் சிஸ்டத்தின் பெயர், என்டர். நெட்வொர்க் ஐகானுக்குள் போய்த் தேடுவதைவிட இது நம்பகமான வழி. அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டர் தோன்ற நேரம் பிடிக்கும், சில சமயம் தோன்றாமலே இருக்கும், ஆனாலும் பகிர்வு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திறந்த ஜன்னலில் பகிர்ந்த பிரிண்டர் தெரியும். அதில் வலது கிளிக் செய்து "கனெக்ட்" கொடுங்கள். டிரைவர் நிறுவட்டுமா என்று கேட்டால் சம்மதியுங்கள். முடிந்ததும் ப்ராப்பர்ட்டீஸில் ஒரு டெஸ்ட் பேஜ்.

பெயரால் திறக்கவில்லை என்றால் பெயருக்குப் பதிலாக மெயின் சிஸ்டத்தின் ஐபி முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அது திறந்தால் பெயரைக் கண்டுபிடிப்பதில் மட்டும்தான் கோளாறு. ஐபியையே நிரந்தரமாகப் பயன்படுத்துவது என்றால் இரண்டு விஷயம். கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த ஐபிக்கும் தனியாக ஒரு பதிவு வேண்டும், பெயருக்குச் சேமித்தது ஐபிக்குச் செல்லாது. அத்துடன் ரௌட்டரில் அந்த முகவரியை மெயின் சிஸ்டத்துக்கே ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும் ஒரு நாளில் எண் மாறிப்போகும்.

வேறு யூசர் பெயரில் ஏற்கெனவே இணைந்திருக்கிறீர்கள் என்று விண்டோஸ் முரண்டு பிடித்தால், அந்த சிஸ்டத்தில் ஒருமுறை சைன் அவுட் செய்துவிட்டு வாருங்கள். ஒரே நேரத்தில் ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு பெயரில் நுழைய அது விடாது.

11பி, 709: இரண்டு பிரபலமான எரர்கள்

கனெக்ட் கொடுத்ததும் நீளமான பூஜ்யங்களுக்குப் பின் 11பி என்று முடியும் எரர் வந்தால், அதன் பூர்வீகம் 2021 செப்டம்பர். பிரிண்டருக்குப் போகும் உரையாடல் மறைக்குறியீட்டோடுதான் நடக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அந்த மாத அப்டேட்டில் கட்டாயமாக்கியது. ஒரு சிஸ்டம் அப்டேட் ஆகி இன்னொன்று ஆகாமல் இருந்தால் இருவருக்கும் பேச்சு ஒத்துவராது. முதலில் இரண்டு பக்கமும் எல்லா அப்டேட்டையும் போட்டுப் பாருங்கள். மெயின் சிஸ்டத்தின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் இந்த எரர் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அது அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறப்பது. வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

709 என்று முடிவது கொஞ்சம் பிந்தியது. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து பிரிண்டருக்கான தொடர்பு வேறு வழியில் போகிறது. பழைய மெயின் சிஸ்டத்துக்கு அந்த வழி பழக்கமில்லை. எரர் வரும் சிஸ்டம் ப்ரோ பதிப்பு என்றால் அதில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், பிரிண்டர்ஸ் என்று போனால் "கான்ஃபிகர் ஆர்பிசி கனெக்ஷன் செட்டிங்ஸ்" இருக்கும். அதில் "நேம்டு பைப்ஸ்" என்பதைத் தேர்ந்தால் பழைய வழிக்குத் திரும்பிவிடும். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டரே கிடையாது.

இரண்டு எரருக்கும், ஹோம் பதிப்புக்கும் சேர்த்து ஒரு மாற்றுப் பாதை உண்டு. எனக்குப் பிடித்ததும் இதுதான். பகிர்ந்த பிரிண்டரோடு "கனெக்ட்" ஆகாமல், அதை அந்த சிஸ்டத்தின் சொந்தப் பிரிண்டர் போலச் சேர்ப்பது. பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸில் "ஆட் டிவைஸ்" கொடுத்துச் சற்றுப் பொறுத்தால், கைமுறையாகச் சேர்க்கும் வழி தோன்றும். அதில் மேனுவல் செட்டிங்ஸ் என்பதைத் தேர்ந்து, "கிரியேட் எ நியூ போர்ட்", வகை "லோக்கல் போர்ட்". போர்ட் பெயர் கேட்கும் பெட்டியில் இரண்டு பேக்ஸ்லாஷ், மெயின் சிஸ்டத்தின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பிரிண்டரின் ஷேர் பெயர் என்று எழுதுங்கள். அடுத்த திரையில் பட்டியலில் உங்கள் மாடல் இல்லாவிட்டால் "ஹேவ் டிஸ்க்" மூலம் இறக்கி வைத்த டிரைவரைக் காட்டுங்கள். கடைசியில் இந்தப் பிரிண்டரைப் பகிரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த முறையில் டிரைவர் உங்கள் சிஸ்டத்திலேயே இருக்கிறது, பக்கம் அங்கேயே தயாராகி ஒரு கோப்பு போல மெயின் சிஸ்டத்துக்குப் போகிறது. அதனால் மேலே சொன்ன தகராறுகள் எழாது. 32 பிட் விண்டோஸ் ஓடும் பழைய சிஸ்டம் ஒன்று கூட்டத்தில் இருந்தாலும் இது கைகொடுக்கும். என்ன, காகிதம் தீர்ந்தது, சிக்கிக்கொண்டது போன்ற தகவல் திரும்பி வராது. எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். கிரெடென்ஷியல் மேனேஜரில் பதிவு முன்பே இருக்க வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

நேற்று வரை ஓடியது, இன்று ஆஃப்லைன்

மெயின் சிஸ்டத்தில் பிரிண்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் மெயின் சிஸ்டத்தின் பிரிண்டர் பட்டியலைக் கவனியுங்கள். அதே பெயரில் "காப்பி 1" என்று ஒன்று முளைத்திருக்கிறதா? அலுவலகம் பெருக்கும்போது பிடுங்கிய கேபிளை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று எடுத்துக்கொள்வது உண்டு. பகிர்ந்தது பழையது, உயிரோடு இருப்பது புதியது. கேபிளைப் பழைய துளைக்கே மாற்றுங்கள், அல்லது பழைய பிரிண்டரின் போர்ட்ஸ் தாவலில் புதிய யுஎஸ்பி போர்ட்டைத் தேர்ந்துவிடுங்கள். கேபிள் செருகும் துளைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது வீண் வேலை அல்ல.

மெயின் சிஸ்டத்திலேயே வரவில்லை, வரிசையில் ஏதோ ஒன்று "டிலீட்டிங்" என்று தொங்குகிறது என்றால் ஸ்பூலரைச் சுத்தம் செய்ய வேண்டும். சர்வீசஸ் ஜன்னலில் "பிரிண்ட் ஸ்பூலர்" சேவையை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருக்கும் கோப்புகளை அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். சேவையைத் திரும்பத் தொடங்குங்கள். எல்லாருடைய காத்திருக்கும் பிரிண்டும் இதில் போய்விடும், முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

புதிதாக ஆன்டிவைரஸ் போட்ட மறுநாள் பகிர்வு நின்றால் சந்தேகமே வேண்டாம். பல ஆன்டிவைரஸ்கள் சொந்த ஃபயர்வாலோடு வருகின்றன, அவற்றுக்கு விண்டோஸில் நீங்கள் வைத்த பிரைவேட் அமைப்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் அமைப்புகளில் உங்கள் நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறியுங்கள்.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். டோனரைக் காகிதத்தில் உருக்கிப் பதிக்கும் சூடேற்றி ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் எடுக்கும். சின்ன யுபிஎஸ் அதைத் தாங்காமல் மெயின் சிஸ்டத்தையும் சேர்த்து அணைத்துவிடும். சிஸ்டமும் ரௌட்டரும் யுபிஎஸ்ஸில், பிரிண்டர் நேராகச் சுவரில். கரண்ட் இல்லாத நேரத்தில் அனுப்பிய பிரிண்டுகள் வரிசையில் காத்திருந்து பிறகு வரும்.

ரௌட்டரோடு நேராகப் பேசும் பிரிண்டர்

வைஃபை பிரிண்டரை அதன் செயலி மூலமோ, திரை இருந்தால் திரையிலோ உங்கள் வைஃபையில் சேருங்கள். எல்3150 உட்படப் பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பார்க்கும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தெரியும்படி வைத்திருந்தால் பிரிண்டர் அதைக் கண்டுகொள்ளாது.

அடுத்து, ரௌட்டரின் அமைப்புகளில், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் அந்தப் பிரிண்டருக்கு ஓர் ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் விடுவதுதான் நெட்வொர்க் பிரிண்டர்கள் அடிக்கடி ஆஃப்லைன் ஆவதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு ஒவ்வொரு சிஸ்டத்திலும் கைமுறையாகச் சேர்க்கும்போது டிசிபி ஐபி முகவரி என்ற வழியைத் தேர்ந்து அந்த எண்ணைக் கொடுங்கள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது பல நேரம் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டை வைத்துக்கொள்ளும். பிரிண்டர் தூங்கி எழுந்தால் அதைத் தொலைத்துவிட்டு நிற்கும் பழக்கம் அதற்கு உண்டு. டிசிபி ஐபி போர்ட்டிலும் பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால், போர்ட்ஸ் தாவலில் "கான்ஃபிகர் போர்ட்" திறந்து எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

மொபைலிலிருந்து பிரிண்ட் வேண்டுமென்றால் இந்த வகைப் பிரிண்டர்தான் வசதி. ஐபோனில் ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டில் மோப்ரியா அல்லது அந்தந்த நிறுவனச் செயலி. யுஎஸ்பி பிரிண்டரை விண்டோஸ் வழியாகப் பகிர்ந்தால் மொபைல்களுக்கு அது தெரியாது. முன்பு கூகுள் கிளவுட் பிரிண்ட் இந்த இடைவெளியை நிரப்பியது, 2020 டிசம்பர் 31-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். லினக்ஸ் பழகியவர்கள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் கப்ஸ் என்ற பிரிண்ட் மென்பொருளை நிறுவி யுஎஸ்பி பிரிண்டரை ஏர்பிரிண்ட் பிரிண்டராகவே மாற்றிவிடலாம். நாள் முழுக்க ஓடினாலும் மின்செலவு சொற்பம். எச்பி 1020, எம்1005 இரண்டுக்கும் எச்பியின் எச்பிலிப் மென்பொருளும் அதன் கூடுதல் ப்ளகினும் போதும். கேனன் 2900 வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், கேனன் தரும் லினக்ஸ் டிரைவர் சாதாரணக் கம்ப்யூட்டர் சிப்புகளுக்கானது, பையின் சிப்பில் ஓடாது.

ஸ்கேனர்?

எச்பி எம்1005 மாதிரி மூன்றும் ஒன்றான மிஷினைப் பகிர்ந்தவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி இது. விண்டோஸின் பிரிண்டர் பகிர்வு பிரிண்டுக்கு மட்டும்தான். யுஎஸ்பியில் இருக்கும் ஸ்கேனர் மற்ற சிஸ்டங்களுக்குத் தெரியாது. இதற்குச் சுற்றுவழி, மெயின் சிஸ்டத்தில் ஸ்கேன் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் வழியாக அதே பிரிண்ட் யூசருக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை கொடுப்பது. ஸ்கேன் மென்பொருளில் சேமிக்கும் இடமாக அந்த ஃபோல்டரை வைத்துவிடுங்கள். கிரெடென்ஷியல் ஏற்கெனவே சேமித்திருப்பதால் மற்ற சிஸ்டங்களில் புதிதாக எதையும் கேட்காது. கண்ணாடியில் தாளை வைத்து ஸ்கேன் கொடுக்க ஒருவர் மெயின் சிஸ்டத்துக்குப் போகத்தான் வேண்டும். ஸ்கேன் ஆன கோப்பைத் தன் மேசையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஃபோல்டரை வாரம் ஒருமுறை காலி செய்யும் பொறுப்பை யாராவது ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள், வந்தவர் போனவர் ஆதார் நகலெல்லாம் அங்கேயே தேங்கிக் கிடக்கும்.